தேனீயின் மூளையும் கற்கும் கணிப்பொறியும்

தேனீ என்றவுடன் நம் நினைவிற்கு வருவது தேன். ஆனால் தேனீயால் உழவருக்குக் கிடைக்கும் பெரும் பயன் தேன் அன்று, மகரந்தச் சேர்க்கையே. பூசணி, தர்பூசணி, பாகல் போன்ற கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இவற்றின் மகரந்தம் கனமாகவும் பசைத்தன்மையுடனும் இருப்பதால் காற்றில் பறந்து செல்வதில்லை. தேனீயோ வேறு பூச்சியோ எடுத்துச் சென்றால்தான் பிஞ்சு நிற்கும். இல்லையேல் பிஞ்சு வெம்பி உதிரும். சூரியகாந்தி, கொத்தமல்லி, வெங்காய விதைப்பயிர், ஏலக்காய், முருங்கை, மா ஆகியவையும் பூச்சிகளின் வருகையால் பயன்பெறும் பயிர்களே. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை முழுமையாகவோ ஓரளவோ உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியுள்ளன என்று, பல்லுயிர் வளம் குறித்த பன்னாட்டு அறிவியல் குழு 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் தேனீக்கு அதைக் கற்பிப்பவர் எவரும் இல்லை. எந்தப் பூவில் மது உண்டு, அது எந்த நேரத்தில் மலரும், எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் உள்ளது, கூட்டிற்குத் திரும்பும் வழி எது என்பதையெல்லாம் வெளிவேலைக்குச் செல்லும் சில வாரங்களுக்குள் தேனீ தானாகவே கற்றுக்கொள்கிறது. வயலில் அது செய்யும் வேலை முழுவதும் இந்தக் கற்றலைச் சார்ந்தது.

உயிரினங்களுக்கும் சூழ்நிலைக்கும் உள்ள உறவை ஆராயும் சூழலியல், மூளையையும் நரம்புகளையும் ஆராயும் நரம்பியல், கணிப்பொறிகளைத் தாமாகவே கற்கச் செய்யும் இயந்திரக் கற்றல் ஆகிய மூன்று துறைகளும் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சிறு பூச்சியிடம் பாடம் கேட்டு வருகின்றன. அவற்றின் முடிவுகள் யாவை, அவற்றால் நம் வயலில் மாற்றிக்கொள்ள வேண்டியவை யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிறு விவசாயிக்கே பயன் அதிகம்

அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த சூழலியல் அறிஞர் லூகாஸ் கரிபால்டியும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கப் பகுதிகளில் பூச்சிகளை நம்பியுள்ள 33 பயிர் அமைப்புகளைச் சார்ந்த 344 வயல்களை ஆராய்ந்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே பயிரை ஒரே வட்டாரத்தில் பயிரிட்டாலும் ஒருவருக்கு மகசூல் மிகுதியாகவும் மற்றொருவருக்குக் குறைவாகவும் கிடைப்பது நாம் அறிந்ததே. இந்த இடைவெளிக்கு நீர், உரம், விதை, பூச்சி, நோய் எனக் காரணங்கள் பல. 2 எக்டருக்கு, அதாவது ஏறத்தாழ 5 ஏக்கருக்குக் குறைவான வயல்களில், பூவுக்கு வரும் பூச்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டுமே இந்த இடைவெளியில் ஏறத்தாழ 24 சதத்தை ஈடு செய்யலாம் என்று இந்த ஆய்வில் தெரியவந்தது.

மகசூலே 24 சதம் உயரும் என்பது இதன் பொருள் அன்று. நன்கு விளையும் வயலுக்கும் குறைவாக விளையும் வயலுக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, செலவு ஏதுமின்றி வந்து செல்லும் பூச்சிகளின் கையில் உள்ளது என்பதே இதன் பொருள். பெரிய வயல்களில் எண்ணிக்கை மட்டும் போதவில்லை. பல இனப் பூச்சிகள் வந்தபோதுதான் இத்தகைய பயன் கிடைத்தது. ஆகவே தேனீயைக் காப்பது பெரும் பண்ணையாளர்களின் கவலை என்று சிறு விவசாயிகள் ஒதுக்கிவிட இயலாது.

எள்ளிலும் சிறிய மூளை

தேனீயின் மூளை ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர் அளவே உடையது. ஓர் எள் விதையைவிடச் சிறியது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. தேனீயின் மூளையிலோ ஏறத்தாழ 10 லட்சம் மட்டுமே. அந்த 10 லட்சத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை, காளான் வடிவில் அமைந்த இரு பகுதிகளில் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. பிரெஞ்சு அறிஞர் துஜார்தான் 1850ஆம் ஆண்டிலேயே இவற்றைக் கண்டறிந்தார். மணம், நிறம், இடம் ஆகியவற்றை இணைத்து நினைவில் நிறுத்துவதில் முக்கியப் பங்கு வகிப்பவை இக்காளான் உடல்களே.

தேனீ கற்கிறது என்பதை எப்படி அறிவது? இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு தேனீயை சிறு குழாய்க்குள் தலை மட்டும் வெளியே தெரியுமாறு நிறுத்துவர். அதன் உணர்கொம்பில் சர்க்கரைக் கரைசல் பட்டவுடன் தேனீ உறிஞ்சு குழலை நீட்டும். இனி, முதலில் ஒரு மணத்தை நுகரச் செய்து, பின்னர் சர்க்கரைக் கரைசலை அளிப்பர். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தபின், மணம் வந்தவுடனேயே சர்க்கரைக்குக் காத்திராமல் தேனீ குழலை நீட்டிவிடுகிறது. ‘இந்த மணத்தின் பின்னே இனிப்பு வரும்’ என்று அது கற்றுவிட்டது.

செடிகளும் இந்த நினைவாற்றலைப் பயன்படுத்திக் கொள்கின்றன. காப்பி, எலுமிச்சை இனப் பூக்களின் மதுவில் சிறிதளவு காபீன் உள்ளது. இங்கிலாந்தின் ஜெரால்டின் ரைட் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, காபீன் கலந்த கரைசலுடன் ஒரு மணத்தைக் கற்ற தேனீக்களில், 24 மணி நேரம் கழித்து அதை நினைவில் வைத்திருந்தவை, வெறும் சர்க்கரையுடன் கற்றவற்றைப் போல் மூன்று மடங்கு. தன்னை மறவாமல் மீண்டும் வரும்படி காப்பிப் பூ தேனீக்கு ஊக்கம் அளிக்கிறது எனலாம்.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

கற்றல் நடைபெறும் முறையைப் பற்றிய முக்கியக் குறிப்பு ஒரு சூழலியல் சோதனையிலிருந்து கிடைத்தது. அமெரிக்க அறிஞர் லெஸ்லி ரியல், பம்பிள்பீ எனப்படும் உரோமம் அடர்ந்த பெருந்தேனீக்களுக்கு நீலம், மஞ்சள் ஆகிய இரு நிறங்களில் செயற்கைப் பூக்களை அமைத்தார். ஒரு நிறப் பூக்கள் அனைத்திலும் தலா 2 மைக்ரோலிட்டர் மது. மற்ற நிறத்தில் மூன்றில் ஒரு பூவில் மட்டும் 6 மைக்ரோலிட்டர். மீதி இரண்டும் வெறும் பூ. சராசரியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆயினும் தேனீக்கள் ஏறத்தாழ 85 சதம், நிச்சயமாக மது கிடைக்கும் பூக்களுக்கே சென்றன. நிறங்களை மாற்றி வைத்தபோது அவையும் மாறிக்கொண்டன. ஓராண்டு பெருவிளைச்சலும் ஈராண்டு வெறும் கையும் தரும் பயிரைவிட, ஆண்டுதோறும் அளவாக விளையும் பயிரை விரும்பும் சிறு விவசாயிக்கு இந்தத் தேனீயின் போக்கு புதிதாகத் தோன்றாது. இச்சோதனை 1991இல் வெளியாயிற்று.

ஈராண்டு கழித்து, ஜெர்மனியின் பெர்லின் நகரில் மார்ட்டின் ஹாமர் என்ற நரம்பியல் அறிஞர், தேனீயின் மூளையில் சர்க்கரையின் செய்தியைப் பல பகுதிகளுக்கும் கொண்டு செல்லும் ஒற்றை நரம்பணுவைக் கண்டறிந்தார். ஒரு மணத்தை அளித்தபின் சர்க்கரை தராமல், அந்த நரம்பணுவை மட்டும் மின்சாரத்தால் தூண்டினார். சர்க்கரை கிடைத்தது போலவே தேனீ அந்த மணத்தைக் கற்றுக்கொண்டது. மேலும், கற்று முடித்தபின் சர்க்கரை வருமுன்னரே மணத்தைக் கண்டவுடன் அந்த நரம்பணு துடித்தது. அதாவது, ‘பரிசு கிடைத்தது’ என்ற செய்தியுடன் ‘பரிசு வரப்போகிறது’ என்ற எதிர்பார்ப்பையும் அது சுமந்தது.

இவ்விரு சோதனைகளையும் இணைத்து, ரீட் மாண்டேகு, பீட்டர் டயான், டெரன்ஸ் செஜ்நவ்ஸ்கி முதலியோர் 1995இல் கணிப்பொறியில் ஒரு மாதிரித் தேனீயை அமைத்தனர். அதற்கு ஒரே ஒரு விதி மட்டும் கொடுக்கப்பட்டது: எதிர்பார்த்த மதுவுக்கும் கிடைத்த மதுவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடு, அதற்கேற்ப அந்த நிறப் பூவின் மதிப்பைச் சிறிது கூட்டு அல்லது குறை. இந்த ஒரு விதியைக் கொண்டே மாதிரித் தேனீயும் உயிர்த் தேனீயைப் போல நிச்சயமான பூக்களைத் தேர்ந்தது.

இவ்விதியை நம் சந்தை அனுபவத்தால் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். ஒரு சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டு செல்லும் விவசாயி கிலோவுக்கு 20 ரூபாய் எதிர்பார்க்கிறார். 20 கிடைத்தால் புதிதாகத் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை. 30 கிடைத்தால் அந்தச் சந்தையின் மதிப்பு அவர் மனத்தில் உயர்கிறது. ஆனால் உடனே 30 என்று முடிவு கட்டாமல், அடுத்த முறை 22 அல்லது 23 எதிர்பார்ப்பார். 10 மட்டுமே கிடைத்தால் மதிப்பு சற்று இறங்கும். பல வாரம் கழிந்தபின் எந்தச் சந்தைக்குச் செல்வது என்பது அவருக்குத் தெளிவாகிவிடும். எதிர்பார்ப்புக்கும் கிடைப்புக்கும் உள்ள வித்தியாசமே இங்கு ஆசிரியர்.

கணிப்பொறி படித்த பாடம்

வழக்கமாகக் கணிப்பொறிக்கு ஒவ்வொரு படியையும் மனிதரே எழுதித் தர வேண்டும். இயந்திரக் கற்றலில் அவ்வாறன்றி, உதாரணங்களையோ பரிசையோ கொடுத்து, விதிகளைத் தானே கண்டறியுமாறு கணிப்பொறியை விட்டுவிடுகின்றனர். இதில் பரிசு வழிக் கற்றல் என்ற பிரிவை 1980களில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்டு சட்டன் ஆகியோர் வளர்த்தனர். விலங்குகள் கற்கும் முறை பற்றிய ஆராய்ச்சியே இவர்களுக்கு வழிகாட்டியது. இப்பணிக்காகக் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருதான 2024ஆம் ஆண்டின் டூரிங் விருது இவர்களுக்கு 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. 2016இல் தென் கொரியாவின் சியோல் நகரில், ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்பாகோ என்ற கணிப்பொறி நிரலும் பரிசு வழிக் கற்றலால் தேர்ச்சி பெற்றதே.

வியப்பு என்னவெனில், இதே கணக்கு பாலூட்டிகளின் மூளையிலும் காணப்பட்டது. பழச்சாறு பெறும் குரங்குகளின் மூளையில் டோபமீன் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், எதிர்பாராத சாறு கிடைத்தபோது மிகுதியாகத் துடித்தன. எதிர்பார்த்த சாறு வந்தபோது மாறாமல் இருந்தன. எதிர்பார்த்தது வராதபோது அடங்கின. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், டயான், மாண்டேகு ஆகியோர் 1997இல் இதை விளக்கினர். பூவிலிருந்து பூவுக்குச் செல்லும் தேனீ, பழச்சாற்றுக்குக் காத்திருக்கும் குரங்கு, பலகை முன் அமர்ந்த கணிப்பொறி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே விதியால் கற்கின்றன.

ஒன்று போன்ற பொருள்களை விரைவில் இனங்காண்பதிலும் கணிப்பொறி பூச்சியிடம் பாடம் பெற்றுள்ளது. பழ ஈயின் மூளையில் ஏறத்தாழ 50 வழிகளில் வரும் மணச் செய்தி, காளான் உடலில் உள்ள ஏறத்தாழ 2,000 நரம்பணுக்களுக்குப் பரப்பப்படுகிறது. அவற்றுள் மிகுதியாகத் தூண்டப்பட்ட 5 சதம் மட்டுமே துடித்து, மற்றவை அடங்கிவிடுகின்றன. இந்த 5 சதமே அந்த மணத்தின் கைரேகை போன்றது. இம்முறையைக் கணிப்பொறியில் கையாண்டபோது, ஒத்த படங்களைத் தேடும் வேலை அன்றைய வழக்கமான முறையைவிடச் சிறப்பாக நடந்தது என 2017இல் சஞ்சய் தாஸ்குப்தா, சார்லஸ் ஸ்டீவன்ஸ், சாகேத் நவ்லாகா ஆகியோர் காட்டினர்.

கணிப்பொறியும் கைம்மாறு செய்துள்ளது. பழ ஈயின் மூளையை ஏறத்தாழ 7,000 மெல்லிய சீவல்களாக்கி எடுத்த மின் நுண்ணோக்கிப் படங்களை, கற்ற கணிப்பொறிகளின் உதவியால் ஒன்றிணைத்து, மனிதர் சரிபார்த்து, 2024 அக்டோபரில் முழு மூளை வரைபடம் வெளியிடப்பட்டது. அதில் 1,39,255 நரம்பணுக்களும் 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளும் உள்ளன.

நடனத்தைப் படிக்கும் காமிரா

மது மிகுந்த இடத்தைக் கண்ட தேனீ, கூட்டிற்குத் திரும்பி அடையின்மேல் வயிற்றை அசைத்து நடனமாடுகிறது. நேர் மேலிருந்து நடனம் எவ்வளவு சாய்ந்துள்ளதோ, சூரியனிலிருந்து அவ்வளவு சாய்வில் உணவு உள்ளது. அசைவு நீடிக்கும் நேரம் தொலைவைக் காட்டும். இதனைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கடிகாரமும் கோணமானியும் கொண்டு பொறுமையாக அளந்ததை, இன்று காமிராவும் கணிப்பொறியும் தாமே அளக்கின்றன. பெர்லினில் டிம் லாண்ட்கிராஃப் குழுவினர் ஒவ்வொரு தேனீயின் முதுகிலும் குறியீடு கொண்ட சிறு வில்லையை ஒட்டி, எந்தத் தேனீ எங்கே உள்ளது என்பதைக் கணிப்பொறியே இனங்காணச் செய்துள்ளனர். நடனத்தைத் தானாகப் படித்துணரும் முறையை 2017இல் வெளியிட்டனர்.

நம் நாட்டு இனங்களைப் பற்றிய முக்கிய ஆய்வு அண்டை மாநிலமான கர்நாடகத்தின் பெங்களூரில் நடைபெற்றது. அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீ, கொம்புத் தேனீ, மலைத்தேனீ ஆகிய மூன்றின் நடனங்களையும் ஒப்பிட்டு 2020இல் முடிவுகள் வெளியாயின. இந்தியத் தேனீ இரை தேடுவது கூட்டைச் சுற்றி ஏறத்தாழ 1 கிலோமீட்டருக்குள்; கொம்புத் தேனீ ஏறத்தாழ இரண்டரை, மலைத்தேனீ ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வரை. ஒவ்வோர் இனத்திற்கும் அதன் தேடும் எல்லைக்கு ஏற்ற ‘வட்டார வழக்கு’ நடனத்தில் அமைந்துள்ளது. இதிலிருந்து விவசாயி அறிய வேண்டியது ஒன்று உண்டு. நம் வயலுக்கு வரும் இந்தியத் தேனீயின் கூடு, பெரும்பாலும் நம் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அதன் நலமும் கேடும் நம் கையிலும் பக்கத்து வயல்காரர் கையிலும் உள்ளன.

தேனீயின் கற்கும் திறனைப் பயிருக்குச் சாதகமாகத் திருப்பவும் இயலும். அர்ஜென்டினாவில் வால்டர் ஃபரீனா குழுவினர், சூரியகாந்திப் பூவின் மணத்தை ஒத்த கலவையைச் சர்க்கரைப் பாகில் சேர்த்துத் தேனீப் பெட்டிகளுக்குள் அளித்தனர். அந்த மணத்தைக் கூட்டிலேயே கற்ற தேனீக்கள் சூரியகாந்தியை நாடிச் சென்றன. இரகத்திற்கேற்ப விதை மகசூல் 29 முதல் 57 சதம் வரை உயர்ந்தது என 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

சாகாமலே இழந்த தேனீ

‘மருந்து தெளித்த மறுநாள் வயலில் செத்த தேனீ ஒன்றுகூட இல்லையே, பின் எப்படி மருந்தின்மேல் குறை சொல்வது?’ என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. கேள்வி நியாயமானதே. விடை மேலே கண்ட மூளையில் உள்ளது.

நியோநிகோடினாய்டு எனப்படும் பூச்சிக்கொல்லிகளில் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், குளோதியானிடின் ஆகியவை அடங்கும். நம் நாட்டில் பருத்தி, நெல், காய்கறிப் பயிர்களில் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு எதிராக இவை பயன்படுகின்றன. நரம்பணுவிலிருந்து நரம்பணுவுக்குச் செய்தி செல்லும் வாயிலில் ஒட்டிக்கொண்டு, செய்தி வராமலே வந்தது போலத் தூண்டுவது இவற்றின் தன்மை. தேனீயின் காளான் உடல்களில் இத்தகைய வாயில்கள் மிகுதி. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக் கழகத்தினர் 2013இல் காட்டியபடி, இமிடாகுளோபிரிட்டும் குளோதியானிடினும் மிகச் சிறிய அளவிலேயே காளான் உடல் நரம்பணுக்களை முதலில் வெறி கொண்டது போலத் தூண்டி, பின்னர் செயலிழக்கச் செய்கின்றன. கூட்டில் உண்ணிகளுக்கு எதிராகச் சில நாடுகளில் இடப்படும் கூமபாஸ் என்ற மருந்தும் இதே பகுதியைத் தாக்கிற்று.

பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய மின்னணு வில்லைகளை ஒட்டி, சிலவற்றிற்கு 1.34 நானோகிராம் தயாமீத்தாக்சம் கலந்த கரைசலைக் கொடுத்துத் தொலைவில் விட்டனர். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இது கொல்லும் அளவு அன்று. ஆயினும் மருந்துண்ட தேனீக்களில் கூடு திரும்பாதவை அதிகம். பழக்கமில்லாத இடத்தில் விட்டபோது இழப்பு மேலும் கூடிற்று. இது 2012இல் வெளியானது. இத்தேனீக்கள் மருந்து பட்ட இடத்தில் சாகவில்லை. வழி மறந்து எங்கோ தனியே மடிந்தன. ஆகவே வயலில் பிணம் கிடக்காது. பெட்டியில் மட்டும் கூட்டம் மெலியும்.

தேனீ தானே விலகிக்கொள்ளாதா என்றால், இல்லை. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் கலந்த சர்க்கரைக் கரைசலைத் தேனீக்கள் சுவையால் இனங்காண இயலவில்லை. மாறாக, கலக்காத கரைசலைவிட அதையே மிகுதியாக உண்டன என்று 2015இல் தெரியவந்தது. இலண்டன் நகரின் இம்பீரியல் கல்லூரியில் 2020இல் வெளியான ஆய்வில், புழுப் பருவத்தில் இமிடாகுளோபிரிட் கலந்த உணவைப் பெற்ற பம்பிள்பீக்களின் காளான் உடல்களில் வளர்ச்சி குறைந்தும், வளர்ந்தபின் கற்கும் திறன் குன்றியும் காணப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இம்மூன்று மருந்துகளையும் திறந்த வெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது.

தேனீ குறைவதற்கு மருந்து மட்டுமே காரணம் அன்று. 1991-92இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய். பூக்கும் செடிகள் அருகி வருவதும் ஒரு காரணம். அதுபோலவே, தாக்குதல் கடுமையாகும்போது பூச்சி மருந்தை அறவே தவிர்க்குமாறு கூறுவதும் நடைமுறைக்கு ஒவ்வாது. எப்போது, எதை, எப்படித் தெளிப்பது என்பதே நாம் மாற்றிக்கொள்ளக் கூடியது.

வயலில் கவனிக்க வேண்டியவை

1. பூச்சியைக் கண்டவுடன் தெளிக்காமல், பொருளாதாரச் சேத நிலையை எட்டிய பின்னரே மருந்தை நாட வேண்டும். பூக்கும் பருவத்தில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் போன்றவற்றை முதலில் கையாளலாம்.

2. பூசணி, தர்பூசணி, பாகல் ஆகியவை காலையில் மலர்கின்றன. சூரியகாந்தியிலும் எள்ளிலும் தேனீ நடமாட்டம் காலையில் மிகுதி. இப்பயிர்களில் தெளிக்க நேர்ந்தால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்க வேண்டும். ஆனால் பீர்க்கு, சுரை, புடலை ஆகியவை மாலையில் மலர்பவை. அந்திப்பூச்சிகள் இவற்றை நாடி வரும். மாலைத் தெளிப்பு என்ற பொது விதி இவற்றிற்குப் பொருந்தாது. பயிர் மலரும் நேரத்தைப் பார்த்து, அந்நேரத்தைத் தவிர்ப்பதே சரியான விதி.

3. ஊடுருவிப் பாயும் மருந்துகள் செடிக்குள் பரவி மதுவிலும் மகரந்தத்திலும் சேர்கின்றன. இவற்றை மாலையில் தெளித்தாலும் மறுநாள் பூவில் மருந்து இருக்கும். ஆகவே பூக்கும் தறுவாயிலும் பூக்கும்போதும் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

4. தூள் மருந்துகள் மகரந்தம் போலவே தேனீயின் உரோமத்தில் ஒட்டிக் கூடு வரை செல்லும். பூக்கும் பயிரில் தூவக் கூடாது.

5. பூச்சி மருந்தையும் பூசண மருந்தையும் ஒரே தொட்டியில் கலப்பதைத் தவிர்க்க வேண்டும். புரோப்பிகோனசோல் போன்ற சில பூசணக் கொல்லிகள், நஞ்சை முறிக்கும் தேனீயின் ஆற்றலைத் தடுத்து, சில பூச்சிக்கொல்லிகளின் கடுமையைப் பல மடங்கு கூட்டுகின்றன.

6. பயிர் பூக்காவிட்டாலும் வயலிலும் வரப்பிலும் களைகள் பூத்திருக்கக் கூடும். தெளிக்குமுன் அவற்றை அறுத்துவிட வேண்டும். தெளிக்காத காலங்களில் வரப்புப் பூக்கள் தேனீக்கு உணவாகும். கொத்தமல்லி, துளசி, முருங்கை, புங்கம், வேம்பு என ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பூக்குமாறு வரப்பிலும் வேலியிலும் அமைத்தல் நன்று.

7. மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீப் பெட்டி வைப்பவர்கள், பயிரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பூத்தபின் கொண்டுவர வேண்டும். முன்னதாகவே வைத்தால் தேனீக்கள் அக்கம்பக்கத்து வேறு பூக்களைக் கற்று, அங்கேயே செல்லத் தொடங்கும். பெட்டியை வயலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஒரே நாளில் மாற்றக் கூடாது. கற்ற இடத்திற்கே தேனீக்கள் திரும்பி, கூட்டைக் காணாமல் அலையும்.

8. பெட்டிகள் உள்ள இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் யார் எப்போது மருந்து தெளிக்கிறார் என்பதை முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வயல்காரரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எந்தச் செலவும் இல்லாத பாதுகாப்பு.

தேனீ வயலில் உயிருடன் பறந்தால் மட்டும் போதாது. பூவை இனங்கண்டு, வழியை நினைவில் வைத்து, மறுநாளும் வரும் நிலையில் இருக்க வேண்டும். கற்கும் கணிப்பொறியில் பிழை நேர்ந்தால் திருத்தி மீண்டும் பழக்கலாம். வெளிவேலைக்கு வந்த தேனீக்கு இருப்பதோ சில வாரங்கள் மட்டுமே. அதற்குள் கெட்ட நினைவைச் சரிசெய்ய அவகாசம் இல்லை. ஆகவே அடுத்த முறை தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன், பயிர் பூத்திருக்கிறதா, எந்த நேரத்தில் மலர்கிறது என்று ஒருமுறை வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தெளிப்பது, காய்ப்பிலும் விதைப்பிடிப்பிலும் பயன் தரும்.